கத்திரி வெயில்ல ஒரு கோட் சூட்

நேத்து தம்பியோட ரிசெப்ஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து சேர ராத்திரி 12 மணி ஆயிருச்சு. மாலை, கிஃப்ட் பை, மிச்சமான பீடான்னு ஆளாளுக்கு கையில இருந்தத எறக்கி வச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் நேரா போய், அவன் கழட்டி நாற்காலி மேல போட்டிருந்த கோட்டுக்குள்ள கைய விட்டு முதுகுப் பக்கத்தத் தடவிப் பாத்தேன்.

ஈரமே இல்ல.

அக்குள் கிட்ட லேசா ஒரு நசநசப்பு. அவ்வளவுதான். மதுரை. மே மாசம். அக்னி நட்சத்திரம் இன்னும் முடியல. மண்டபத்துல சாப்பாட்டு ஹாலுக்கு மட்டும்தான் ஏசி. மேடைக்கு ரெண்டு பெரிய ஃபேன், அதுக்கு மேல வீடியோக்காரங்க லைட்டு. அந்தச் சூட்டுல மூணரை மணி நேரம் சிரிச்சுக்கிட்டே நின்னான் புள்ள.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ("கோட்டத் தடவிக்கிட்டு ஏன்டி அழுகுற"ன்னு அம்மா கேட்டாங்க.)

காரணம் இருக்கு. 9 வருஷத்துக்கு முன்னாடி எங்க ரிசெப்ஷனும் மே மாசம்தான். எங்க வீட்டுக்காரர் போட்டிருந்தது பளபளன்னு ஒரு கறுப்பு கோட் சூட். கடையில "கல்யாண மாப்பிள்ளைன்னா இதுதான் சார்"னு எடுத்துக் குடுத்தது. இப்ப ஆல்பத்தத் தொறந்தா மூணாவது பக்கத்துலயே அவர் கையில கர்ச்சீப். பத்தாவது பக்கத்துல கழுத்துல டை இல்ல. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் போட்டோலயே அவர் இல்ல. தலை சுத்திருச்சு. ரூம்ல உக்கார வச்சு, கோட்டக் கழட்டி, எலுமிச்சம்பழ ஜூஸ் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் மேடையில தனியா நின்னு வந்தவங்களுக்கு வணக்கம் சொன்னேன். அந்த அரை மணி நேரம் எனக்கு இன்னைக்கும் வலிக்கும்.

அதனால தம்பிக்கு வைகாசியில தேதி குறிச்ச அன்னைக்கே சொல்லிட்டேன். "டேய், கோட் சூட் துணி நான்தான் எடுப்பேன். நீ வாய் தெறக்கக் கூடாது."

"சரிக்கா, ஆனா கறுப்புதான் வேணும்"னான்.

பாப்போம்னேன்.

மொதல்ல நான் செஞ்ச தப்பச் சொல்லிடறேன். நீங்க அதச் செய்யாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது. விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில "சம்மர் சூட்டிங்"னு தனியா ஒரு ரேக். தொட்டா மெல்லிசா, வழவழன்னு, பட்டு மாதிரி வழுக்குது. மெல்லிசுன்னா குளுகுளுன்னு இருக்கும்னு நம்பி மூணே கால் மீட்டர் வெட்டச் சொல்லி வாங்கிட்டு வந்தேன். (58 இஞ்ச் அகலத்துல கோட்டுக்கும் பேண்ட்டுக்கும் சேத்து அவ்வளவு வேணும்.)

வீட்டுக்காரர் அதக் கையில வாங்கினாரு. ஒண்ணும் பேசல. ரெட்டையா மடிச்சு வாய் மேல வச்சு ஊதினாரு. அந்தப் பக்கம் என் உள்ளங்கைய வைக்கச் சொன்னாரு.

ஒரு பொட்டுக் காத்து வரல.

"எனக்குப் போட்டு விட்டாங்களே, அதே துணிதான். கொஞ்சம் எளைச்சிருக்கு, அவ்வளவுதான்"னாரு.

துணி டி.ஆர். டெர்ரி ரேயான். இந்த "டெர்ரி" எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? டெரிலீன். 1941ல இங்கிலாந்துல வின்ஃபீல்ட், டிக்சன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்ச பாலியஸ்டர் இழைக்கு வச்ச பேரு. நம்ம தாத்தாக்கள் டெரிலின் சட்டைன்னு பெருமையா போட்டுக்கிட்டாங்களே, அதேதான். கசங்காது, சீக்கிரம் காஞ்சிரும், வருஷக்கணக்கா உழைக்கும். நான் அதக் கொறை சொல்ல மாட்டேன். ஸ்கூல் யூனிஃபார்முக்கு அதை விட்டா வேற வழி இல்லாத வீடுகள் எத்தனையோ இருக்கு. ஆனா அது ஈரத்த வாங்காது. சாதாரணக் காத்துல 100 கிராம் பாலியஸ்டர் அரை கிராம் ஈரம் கூட எடுத்துக்காது. பருத்தி எட்டு கிராமுக்கு மேல எடுக்கும். லினன் 12. கம்பளி 16 கிராம் கிட்ட. டி.ஆர்.ல கூட இருக்கற ரேயான் ஈரம் வாங்கற ஜாதிதான், ஆனா பெரும்பங்கு பாலியஸ்டரா இருக்கறப்ப அது மட்டும் என்ன பண்ணும்?

ஆமா, கம்பளிதான் மேல நிக்குது. எனக்கும் அங்கதான் முதல்ல இடிச்சுது. அம்மா கிட்டச் சொன்னேன். "கம்பளியா? கத்திரி வெயில்லயா? புள்ளைய வேக வைக்கவா பாக்குற?"ன்னாங்க.

அந்தக் கேள்வியோட டெய்லர் பாய் கிட்டப் போனேன். எங்க அப்பா காலத்துல இருந்து எங்க வீட்டுக்குத் தைக்கிறவரு. விஷயத்தச் சொன்னதும் பெஞ்சுக்கு அடியில இருந்து ஒரு பை நெறைய கட் பீஸ எடுத்துக் கொட்டினாரு. "பாப்பா, துணிய வெலையப் பாத்து வாங்காதீங்க, பேரப் பாத்தும் வாங்காதீங்க. எடுத்துட்டுப் போயி நீங்களே பாருங்க"ன்னாரு.

அன்னைக்கு சாயங்காலம் எங்க அடுப்படியில நடந்ததுதான் இந்தப் பதிவுக்கே காரணம். கொஞ்சம் விரிவாச் சொல்றேன், நீங்களும் செஞ்சு பாக்கலாம்.

ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர் நாலு. ஒவ்வொண்ணுலயும் பாதிக்குக் கொதிக்கற தண்ணி. வாயில துணிய இழுத்து வச்சு ரப்பர் பேண்ட் போட்டேன். மேல ஒரு விரக்கடை ஒசரத்துல கைக்கண்ணாடியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எண்ணினேன். ஆவி துணியத் தாண்டி வந்தா கண்ணாடி மங்கணும், இல்லையா?

நான் வாங்கின "சம்மர்" துணி: 20 எண்ணியும் கண்ணாடியில என் மூஞ்சி தெரிஞ்சுது.

கனமான கம்பளி, சாய்கோடு சாய்கோடா நெருக்கமா நெஞ்சது: 12.

லினன்: 5.

பாய் "ட்ராப்பிகல்"னு சொல்லிக் குடுத்த கம்பளித் துண்டு: அதுவும் 5. நம்ப முடியாம மறுபடியும் செஞ்சேன். அதே 5.

மெல்லிசா வழவழன்னு இருந்தது தோத்துருச்சு. கொஞ்சம் சொரசொரன்னு, தடிமனா இருந்த கம்பளி ஜெயிச்சிருச்சு! அந்தத் துண்ட ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சப்பதான் புரிஞ்சுது. பொடிப் பொடியா ஓட்டை. பாவு, ஊடை ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு சாதா நெசவு. நூல்ல முறுக்கு நல்லா ஏத்தியிருக்காங்க. முறுக்கு ஏறின நூல் கம்பி மாதிரி விறைப்பா நிக்கும், உப்பிப் போய் பக்கத்து ஓட்டைய அடைக்காது. கசக்கினாலும் தன்னால நிமுந்துக்கும். இங்கிலாந்துல ஹடர்ஸ்ஃபீல்டுன்னு கம்பளி நெசவுக்குப் பேர் போன ஊர் இருக்கு. அங்க மார்ட்டின் சன்ஸ் கம்பெனி 1907லயே இந்த மாதிரி முறுக்கு நூல் துணிக்கு "ஃப்ரெஸ்கோ"ன்னு பேரு பதிவு பண்ணியிருக்காங்க. அதாவது நூறு வருஷத்துக்கும் மேலா இது தெரிஞ்ச சங்கதி. நம்ம ஊர் ரேக்குக்கு மட்டும் வந்து சேரல.

அம்மாவக் கூப்பிட்டு டம்ளரக் காமிச்சேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "எங்க ஊர்ல ஆடு மேய்க்கிறவங்க தோள்ல எப்பவும் ஒரு கம்பளி கெடக்கும். மழைக்கும் அதுதான், வெயிலுக்கும் அதத்தான் தலையில போட்டுக்குவாங்க"ன்னாங்க. பாருங்க, அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

அதோட நிறுத்தியிருந்தா பாதிதான் கத்துக்கிட்டிருப்பேன். அந்தப் பையில ஒரு லைனிங் துண்டும் இருந்துச்சு. கோட்டுக்கு உள்ள வழவழன்னு வைப்பாங்களே, அது. சாதாரண பாலியஸ்டர் லைனிங். ஜெயிச்ச கம்பளிக்கு அடியில அத வச்சுக் கட்டினேன்.

15 எண்ணின பிறகும் கண்ணாடி மங்கல.

நான் அப்படியே உக்காந்துட்டேன். எவ்வளவு நல்ல துணி வாங்கினாலும் உள்ள முழுசா பாலியஸ்டர் லைனிங் போட்டா, காசு கொட்டி ஜன்னல் வச்சு அது மேல ஆணி அடிச்சுப் பலகை போட்ட மாதிரி. வெயிலுக்குக் கோட் தைக்கறவங்க எல்லாரும் துணியப் பத்தித்தான் கேக்கறாங்க. லைனிங்கப் பத்தி யாரும் கேக்கறதே இல்ல. தயவு செஞ்சு கேளுங்க.

பாய் கிட்ட மறுநாள் சொன்னப்ப அவருக்கு ஒரே சங்கடம். "லைனிங் இல்லாம தைச்சா உள்ள தையல் எல்லாம் அம்மணமா தெரியும் பாப்பா. பாக்கறவங்க என்னத்தான் பேசுவாங்க." அது அவரோட தொழில் மானம், நான் அத மதிக்கிறேன். ஒரு மணி நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முதுகுல தோள்பட்டைக்கு மட்டும் லைனிங், அதுக்குக் கீழ கிடையாது. முன்பக்கம் பாக்கெட் இருக்கற ஓரம் மட்டும். உள்ள தெரியற தையல் ஓரம் அத்தனைக்கும் மெல்லிசா பைப்பிங். (பிரிச்சுப் பாத்தா வெளிப்பக்கத்த விட உள்பக்கம் அழகா இருக்கு, நெசமா.) கைக்கு மட்டும் முழு லைனிங் வேணும்னு அவர் பிடிவாதமா சொன்னாரு. அது சரியான பேச்சு. கைக்கு லைனிங் இல்லேன்னா சட்டையோட ஒட்டிக்கிட்டு கோட்டு ஏறவே ஏறாது. அதுக்குக் கூட பாலியஸ்டர் வேண்டாம்னு, பருத்திக் கொட்டையில ஒட்டியிருக்கற பஞ்சுல இருந்து செய்யற குப்ரோ லைனிங் தேடிப் பிடிச்சோம். பேண்ட்டுக்கு முன்பக்கம் முழங்கால் வரைக்கும் போதும், கம்பளி தொடையில அரிக்காம இருக்க.

அப்புறம் நெஞ்சுப் பகுதி. கோட்டு மொடமொடன்னு நிக்கறதுக்கு உள்ள ஒரு துணிய சூடு வச்சு ஒட்டுவாங்க, ஃப்யூசிங். அதுல இருக்கறது பசை. அதுக்குப் பதிலா கேன்வாஸ் வச்சு கைத்தையல் போடச் சொன்னேன். கூலி கூடுது, நாள் கூடுது. ஆனா மனுஷனுக்கு வேர்க்கற முக்கியமான எடம் நெஞ்சும் முதுகும்தானே? அங்க போயா பசை தடவறது?

சரி, துணிக்கு வருவோம். கடைக்குப் போறப்ப நான் செஞ்சது இவ்வளவுதான். போன் டார்ச்ச துணிக்குப் பின்னாடி பிடிச்சேன். வெளிச்சம் புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா அந்தத் துணிய தனியா எடுத்து வச்சேன். வாயில வச்சு ஊதிப் பாத்தேன். (கடைக்காரப் பையன் ஒரு மாதிரி பாத்தான். பாக்கட்டும்.) கையில மூடி இறுக்கி பத்து எண்ணி விட்டேன், சுருக்கம் தானா விரியுதான்னு. கடைசியா ஒரு நூல உருவிட்டு வந்து வாசல்ல தீக்குச்சி வச்சுப் பாத்தேன். கம்பளின்னா முடி பொசுங்கற நாத்தம் வரும், சாம்பல நசுக்கினா பொடியாகும். பாலியஸ்டர்னா உருகி கறுப்பா ஒரு கெட்டி மணி மாதிரி நின்னுரும். "வுல்"னு சொல்லிக் குடுத்த ஒரு துணி மணியா நின்னுச்சு. பேசாம திருப்பிக் குடுத்துட்டேன்.

துணியோட ஓரக்கரையில "சூப்பர் 120", "சூப்பர் 150"ன்னு போட்டிருக்கும். நம்பர் ஏற ஏற ஒசத்தின்னு நெனச்சு காசக் கொட்டாதீங்க. அது கம்பளி மயிரிழை எவ்வளவு மெல்லிசுங்கறதுக்கு உள்ள கணக்கு. சூப்பர் 100ன்னா 18.75 மைக்ரானுக்கு மேல இருக்கக் கூடாது. 120ன்னா 17.75. இழை மெல்லிசாக ஆக துணி வழவழப்பா ஆகும், சீக்கிரம் கசங்கும், ஒடம்புல ஒட்டும். வெயிலுக்கு நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர்!

எடையிலயும் இதே கதைதான். நான் ரொம்ப லேசானதத் தேடினேன். பாய் தடுத்தாரு. "மெல்லிசு துணி வேர்வையில தோலோட ஒட்டும் பாப்பா. கொஞ்சம் கனம் இருந்தாத்தான் ஒடம்ப விட்டுத் தள்ளி நிக்கும், நடுவுல காத்து போகும்." ஓடு மீட்டருக்கு 250ல இருந்து 280 கிராம் வரைக்கும் சரியா இருந்துச்சு எங்களுக்கு. (ஓடு மீட்டர்னா முழு அகலத்தோட ஒரு மீட்டர் நீளம். சில கடையில சதுர மீட்டர் கணக்கு சொல்வாங்க, அப்ப இதே துணி 170, 180ன்னு வரும். கேட்டுக்கங்க.)

காத்து போறதப் பத்திச் சொன்னதும் தம்பியோட ஒரு பெரிய சண்டை. அவனுக்கு ஸ்லிம் ஃபிட் வேணும். ஒடம்போட ஒட்டினாப்ல. நான் அவனுக்கு அரபுப் பாலைவனத்து பெடுயின் கதையச் சொன்னேன். அந்த வெயில்ல அவங்க கறுப்பு அங்கி போடறாங்க. ஏன்னு ஆராய்ச்சி பண்ணி 1980ல நேச்சர் பத்திரிகையில எழுதியிருக்காங்க. கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி ரெண்டுலயும் ஆளுக்கு ஏறுற சூடு ஒண்ணாத்தான் இருந்துச்சாம். கறுப்பு வாங்கற கூடுதல் சூடு தோலுக்கு வந்து சேர்றதுக்குள்ள வெளிய போயிருது. ஏன்னா அங்கி தொளதொளன்னு இருக்கு, உள்ள காத்து ஓடுது.

"அப்ப கறுப்பு ஓகேதானக்கா!"ன்னான், டக்குன்னு.

"தொளதொளன்னு போட்டுக்கறியா?"ன்னேன்.

கடைசியில ரெண்டு பேரும் எறங்கி வந்தோம். கறுப்பு இல்ல, கருநீலம். ஸ்லிம்மும் இல்ல, தொளதொளவும் இல்ல. பட்டன் போட்ட பிறகு நெஞ்சுக்கும் கோட்டுக்கும் நடுவுல என் உள்ளங்கை தாராளமா போய் வரணும். அதுதான் அளவு. பாய் அத இஞ்ச் டேப்ல எழுதிக்கல, என் கையப் பாத்தே வெட்டினாரு.

லினன் ஏன் எடுக்கலன்னு சிலர் கேப்பீங்க. எனக்கு லினன் உசுரு. ஆளி விதை தெரியும்ல, அந்தச் செடியோட தண்டு நார்தான் அது. ஈரத்தையும் வாங்கும், சீக்கிரமும் காயும். ஆனா அதுக்கு மடங்கிட்டு நிமுர்ற குணம் கெடையாது. ரிசெப்ஷன் மேடையில மாப்பிள்ளை என்ன பண்ணுவான்? பெரியவங்க வர வர குனிஞ்சு கால்ல விழுவான். பத்து பேர் கால்ல விழுந்தா முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் கசங்கிரும். நிச்சயதார்த்தம், வெளியூர் கல்யாணம், பகல் விருந்துன்னா கண்ண மூடிக்கிட்டு லினன் எடுங்க. அதோட சுருக்கம் அதுக்கு அழகு.

வெறும் காட்டன் கோட் பத்தியும் ஒரு வார்த்தை. வேர்வைய நல்லாக் குடிக்கும், குடிச்சத விடாது. ஈரத்தோட கனத்துக்கிட்டே கெடக்கும். அதுல ஒண்ணே ஒண்ணுதான் விதிவிலக்கு, சீர்சக்கர். பாரசீகத்துல பாலும் சர்க்கரையும்னு அர்த்தம் வர்ற சொல்லாம். ஒரு கோடு வழவழன்னு, ஒரு கோடு சுருங்கிப் புடைச்சுக்கிட்டு. அந்தப் புடைப்பு தோலத் தொடாம துணியத் தூக்கிப் பிடிக்கும். அமெரிக்காவுல நியூ ஆர்லீன்ஸ்ல, அதுவும் நம்ம சென்னை மாதிரி கசகசன்னு இருக்கற ஊரு, 1909ல இருந்து ஹாஸ்பெல் கம்பெனி இதுல கோட் சூட் தைச்சு வித்திருக்காங்க. அயர்ன் கூட வேண்டாம். நம்ம டெய்லர்கள் யாராவது இத எடுத்துத் தைச்சா நான் மொத ஆளா வந்து நிப்பேன்.

(சென்னைக்காரங்களுக்கு ஒண்ணு. உங்க ஊர்ல காத்துலயே ஈரம் இருக்கறதால வேர்வை சட்டுனு காயாது. அதனால உங்களுக்கு எங்கள விட ஓட்டை ஓட்டையான நெசவு இன்னும் முக்கியம். ஃபேனுக்கு நேரா நிக்கற மாதிரி மேடையப் போடச் சொல்லுங்க.)

விலை? மறைக்க மாட்டேன். நல்ல முறுக்கு நூல் கம்பளி, நான் மொதல்ல வாங்கின துணி மாதிரி மூணு மடங்கு ஆச்சு. தையக்கூலி வேற. தம்பி ஒரு நாள் யோசிச்சுட்டு, டிரோன் வீடியோ வேண்டாம்னு சொல்லிட்டான். அந்தக் காசு இங்க வந்துருச்சு.

மொத ட்ரையலப்ப ஒரு சோதனை. பாய் பட்டறையில இருந்த பையன், பழக்க தோஷத்துல முழு லைனிங் வச்சு தைச்சுட்டான். பாவம், அவனுக்கு அதுதான் தெரியும். பாய் அவன ஒண்ணும் திட்டல. பிளேட எடுத்து அவனையே பக்கத்துல உக்கார வச்சு, ஒவ்வொரு தையலாப் பிரிச்சாரு. பிரிச்ச பிறகு கோட்டத் தம்பிக்குப் போட்டு விட்டு, பட்டறை ஃபேன போட்டு, "இப்பச் சொல்லு தம்பி"ன்னாரு. "முதுகுல காத்து வருது பாய்"னான். அந்தப் பையன் மூஞ்சியில வந்த சிரிப்ப நீங்க பாக்கணுமே!

நேத்து மேடையில பாயும் வந்திருந்தாரு. போட்டோ எடுக்கறப்ப தம்பி தோள்ல கை போடற சாக்குல கோட்டுக்குள்ள விரல விட்டுப் பாத்ததை நான் மட்டும்தான் கவனிச்சேன்.

இன்னைக்குக் காலையில கோட்ட அகலமான ஹேங்கர்ல ஃபேனுக்கு அடியில தொங்க விட்டிருக்கேன். கம்பளிய ஒவ்வொரு தடவையும் டிரை கிளீனிங் போட வேண்டாம். ஒரு நாள் காத்தாட விட்டு, பிரஷ் வச்சு மேலோட்டமா தட்டினாப் போதும்.

இத எழுதிக்கிட்டு இருக்கறப்பவே என் ஃப்ரெண்டு போன் பண்ணினா. வக்கீல். ஹைகோர்ட் மதுரை பெஞ்சுல இருக்கா. வெயில் காலத்துல கறுப்பு கோட் கட்டாயம் இல்லைங்கற விலக்கு கீழ் கோர்ட்டுக்குத்தான், ஹைகோர்ட்டுக்கு இல்ல. மே மாசம் அவங்களுக்கு லீவு, ஆனா ஏப்ரல்ல அவ அந்த ரெடிமேட் கோட்டுக்குள்ள பட்ட பாடு எனக்குத் தெரியும். நேத்து தம்பியப் பாத்திருக்கா. "என் கோட்டுலயும் லைனிங்க எடுத்துரலாமாடி?"ன்னு கேட்டா. வெளித்துணியும் பாலியஸ்டர்னா பெருசா மாறாது, மொதல்ல கொண்டா, ஒரு நூல உருவி கொளுத்திப் பாப்போம்னு சொல்லியிருக்கேன். லீவு முடியறதுக்குள்ள புதுசு தைக்கணும்னா நாள் பத்தாது. திங்கக்கிழமை பாய் கடையில சந்திக்கிறோம்.